கார்டுத் தொகுப்பில் போலி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பழைய டிரேடிங் கார்டுகளை ஒவ்வொன்றாக வாங்குவது ஒரு வகை வியாபாரம். ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்ததை மொத்தமாக வாங்குவது முற்றிலும் வேறு வகை. ஒற்றைக் கார்டைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். 3,000 கார்டுகள் அடங்கிய பெட்டிகளும் ஆல்பங்களும் ஒரே விலைக்கு வரும்போது அந்த நிதானம் இருப்பதில்லை. விற்பவர் வீடு மாறுகிறவராகவோ பணத் தேவையில் இருப்பவராகவோ இருப்பார். வாங்குபவருக்கோ இவ்வளவும் இந்த விலைக்கா என்ற பரபரப்பு. போலிக் கார்டு யார் கண்ணிலும் படாமல் கைமாற இதைவிட வசதியான நேரம் இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் பெரும்பணம் புரளும் சந்தை இது. இந்தியாவிலிருந்து இணையம் வழியே வாங்கிச் சேர்ப்பவர்களும் அதே சந்தையில்தான் நிற்கிறார்கள்.

போலி அடிக்கத் தூண்டுவது விலை. அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டின் பிளாக் லோட்டஸ் கார்டு ஒன்று 2021-ல் 5,11,100 டாலருக்கு விற்றது. அந்த விளையாட்டின் ஆரம்பகாலக் கார்டுகள் பலவற்றை இனி ஒருபோதும் மறுபடி அச்சிடுவதில்லை என்று நிறுவனம் 1996-ல் வாக்குக் கொடுத்தது. அதனால் அசல்களின் எண்ணிக்கை கூடாது. கேட்பவர்களின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டே போகிறது. போலித் தொழிலுக்கு இந்த இடைவெளி போதும். அதன் அளவை ஒரே ஒரு செய்தி காட்டும்: 2021-ல் ஷாங்காய் விமான நிலையத்தில் நெதர்லாந்துக்குப் போகவிருந்த போலிப் போக்கிமான் கார்டுகளைச் சீனச் சுங்கத் துறை பிடித்தது. அவற்றின் எடை 7.6 டன்.

ஆனால் லட்சக்கணக்கான டாலர் பெறும் கார்டுகளில் ஏமாறுவோர் குறைவு. அவை பலமுறை சோதிக்கப்பட்டு, முந்தைய உரிமையாளர் யார் என்ற வரலாற்றோடு வருபவை. உண்மையான ஆபத்து 50 டாலரிலிருந்து சில நூறு டாலர் வரை பெறும் கார்டுகளில் இருக்கிறது. மேஜிக் விளையாட்டின் 1994-ஆம் ஆண்டு ரிவைஸ்ட் பதிப்பில் வந்த அண்டர்கிரவுண்ட் சீ, வால்கானிக் ஐலண்ட் போன்ற நிலக் கார்டுகள் இதற்கு நல்ல உதாரணம். நிபுணருக்கு அனுப்பிச் சோதிக்கும் செலவு அதிகம் என்று வாங்குபவர் விட்டுவிடும் விலை அது. போலி அடிப்பவருக்கு நல்ல லாபம் தரும் விலையும் அதுவே. தொகுப்புகளுக்குள் பத்தும் இருபதுமாகக் கிடப்பவை இத்தகைய கார்டுகள்தான்.

போலி என்ற ஒரே சொல்லுக்குள் பல தந்திரங்கள் அடங்கும். முழுக்கப் புதிதாக அச்சடித்தது ஒன்று. அசலையே திருத்தி, விலை உயர்ந்த வேறொன்றாகக் காட்டுவது இன்னொன்று. 1993-ல் விசார்ட்ஸ் நிறுவனமே கலெக்டர்ஸ் எடிஷன் என்ற பெயரில் ஆரம்பக் கார்டுகளைச் சேகரிப்பாளர்களுக்காகத் தனியாக அச்சிட்டது. அவற்றின் மூலைகள் கூர்மையானவை, பின்புறத்தில் தங்க நிற விளிம்பு உண்டு, போட்டிகளில் அவற்றை ஆட முடியாது. மோசடிக்காரர்கள் அந்தக் கார்டின் முன்பக்கத்தை உரித்து, மலிவான அசல் கார்டின் பின்பக்கத்தோடு ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டிவிடுவார்கள். முன்னும் அசல், பின்னும் அசல். கார்டு மட்டும் போலி. இந்த ஒட்டுவேலை அச்சை மட்டும் பார்ப்பவரின் கண்ணில் சிக்காது. விளிம்பைச் சுற்றி ஓடும் ஒட்டுக்கோடும் கூடுதல் தடிமனும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

போக்கிமானில் இதற்கு இணையான தந்திரம் முத்திரை. 1999-ல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுதியில் ‘முதல் பதிப்பு’ முத்திரை பதித்த சாரிசார்ட் கார்டுக்கும் முத்திரை இல்லாத சாரிசார்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆகவே முத்திரை இல்லாத கார்டில் பிற்பாடு முத்திரை குத்துகிறார்கள். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. அந்தத் தொகுதியின் முதல் பதிப்புக் கார்டுகளில் படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழல் இருக்காது. நிழலும் முத்திரையும் ஒரே கார்டில் சேர்ந்திருந்தால் முத்திரை பொய். ஆட்டத் தொடக்கப் பெட்டியில் வந்த மச்சாம்ப் கார்டு மட்டும் விதிவிலக்கு. அதில் நிழலோடும் முத்திரை உண்டு. இந்த விதிவிலக்குத் தெரியாதவர் அசல் மச்சாம்ப்பைப் போலி என்று ஒதுக்கிவிடுவார். அந்தக் கார்டின் விலை குறைவு என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் நேர்மையான விற்பனையாளர் மீது வீண் சந்தேகம் விழும்.

மூன்றாவது வகையில் ஏமாற்றும் நோக்கமே இருக்காது. விலை உயர்ந்த கார்டை வாங்க முடியாத விளையாட்டுக்காரர்கள் நண்பர்களோடு ஆடுவதற்காக ‘பிராக்ஸி’ எனப்படும் மாற்றுக் கார்டுகளை வைத்திருப்பார்கள். அவர்கள் தொகுப்பை விற்கும்போது அவை அசல்களோடு கலந்து வந்துவிடலாம். உரிமையாளர் இறந்து, குடும்பத்தினர் விற்கும் தொகுப்பில் இது இன்னும் எளிதாக நேரும். எது எது என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. விற்பவர் நல்லவர் என்பதால் கார்டுகளும் நல்லவையாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. மனிதரைப் பற்றிய கேள்வியும் பொருளைப் பற்றிய கேள்வியும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டியவை.

இனி கணக்கு. எந்தத் தொகுப்பிலும் மதிப்பு எல்லாக் கார்டுகளிலும் சமமாகப் பரவியிருக்காது. 3,000 கார்டுகள் கொண்ட ஒரு தொகுப்பின் சந்தை மதிப்பு 10,000 டாலர், விற்பவர் கேட்பது 6,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். பிரித்துப் பார்த்தால் 20 கார்டுகளே 8,000 டாலர் பெறும். மீதி 2,980 கார்டுகளும் சேர்ந்து 2,000. போலி அடிப்பவர் அந்த 20 கார்டுகளைத்தான் அடிப்பார். 10 சென்ட் பெறும் கார்டை அடிக்க எவரும் மெனக்கெட மாட்டார்கள். ஆகவே 3,000 கார்டுகளையும் ஒன்றுபோலச் சோதிக்க வேண்டியதில்லை. விலை வரிசைப்படி அடுக்கி, மேலே உள்ள இருபதையும் ஒன்றுவிடாமல் சோதித்தால் பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு சோதிக்கப்பட்டுவிடும்.

மாறாக, பெட்டியிலிருந்து கைக்கு வந்த 30 கார்டுகளை எடுத்துப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் அதிகம். இந்த மாதிரிச் சோதனை எவ்வளவு பலவீனமானது என்பதை எண்களே சொல்லும். பெட்டியில் நூற்றுக்குப் பத்து போலி என்றால், 30 கார்டுகளில் ஒரு போலிகூடச் சிக்காமல் போக நூற்றுக்கு நான்கு வாய்ப்புத்தான். நூற்றுக்கு ஒன்றே போலி என்றாலோ, ஒன்றும் சிக்காமல் போக நூற்றுக்கு 74 வாய்ப்பு. 3,000-ல் நூற்றுக்கு ஒன்று என்பது 30 கார்டுகள். மேலே சொன்ன தொகுப்பின் மதிப்பில் பெரும்பகுதியைக் காலி செய்ய அதுவே அதிகம்.

இன்னொரு நுட்பம் இதைவிட முக்கியமானது. பலர் கவனிக்காததும் கூட. ஒரே தொகுப்பில் உள்ள போலிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை அல்ல. போலி விற்கும் ஒருவரிடம் உரிமையாளர் ஒருமுறை வாங்கியிருந்தால் ஒரு கார்டோடு நின்றிருக்க மாட்டார். ஆகவே ‘போலிக்கு நூற்றுக்குப் பத்து வாய்ப்பு’ என்பது 20 கார்டுகளில் இரண்டு போலி என்ற பொருளில் வருவதில்லை. பத்துத் தொகுப்புகளில் ஒன்பதில் எல்லாம் சரியாக இருக்கும். பத்தாவதில் இருபதும் போலியாக இருக்கும். சராசரி கணக்கில் 6,000 டாலர் கொடுப்பவருக்கு 9,200 டாலர் மதிப்புக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஐம்பது தொகுப்பு வாங்கும் கடைக்காரருக்கு அந்தச் சராசரி பொருந்தும். ஒன்றில் விட்டதை மற்றவற்றில் எடுத்துவிடுவார். சேமிப்பைத் திரட்டி வாழ்க்கையில் ஒரே ஒரு தொகுப்பு வாங்குபவருக்குச் சராசரி உதவாது. அவர் 2,000 டாலர் சரக்கோடு, 4,000 டாலர் நஷ்டத்தோடு நிற்பார். அதே காரணத்தால், சோதனையில் ஒரு போலி சிக்கியதும் அந்த ஒன்றின் விலையை மட்டும் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வது தவறான கணக்கு. ஒன்று சிக்கியதுமே மற்ற பத்தொன்பதின் மீதும் சந்தேகம் பல மடங்கு கூடிவிட்டது.

கார்டுகளைத் தொடுவதற்கு முன்பே தொகுப்பின் அமைப்பு நிறையச் சொல்லும். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் மேஜிக் ஆடிய ஒருவரின் பெட்டியில் அந்தக் காலத்துச் சாதாரணக் கார்டுகள் குவிந்து கிடக்க வேண்டும். 1994 நவம்பரில் வந்த ஃபாலன் எம்பயர்ஸ் தொகுதி தேவைக்கு மேல் அச்சிடப்பட்டு, கேட்பாரற்றுப் போனது. அந்தக் காலத்து உண்மையான பெட்டிகளில் அது கட்டுக்கட்டாக இருக்கும். உறையில்லாமல் ஆடிய தேய்மானம், ஒழுங்கற்ற விளிம்புகள், மடங்கிய மூலைகள் எல்லாம் கலந்து காணப்படும். விலை உயர்ந்த கார்டுகள் மட்டும் வரிசையாக இருந்து, அவற்றின் சகாக்களான மலிவுக் கார்டுகள் ஒன்றுகூட இல்லையென்றால், அது சேர்ந்த தொகுப்பு அல்ல, சேர்க்கப்பட்ட தொகுப்பு. நேர்மையான காரணம் இருக்கலாம்: மலிவானவற்றை முன்பே விற்றிருப்பார், அல்லது தேர்ந்தெடுத்து வாங்கியிருப்பார். எங்கே, எப்போது, யாரிடம் என்று கேட்டால் அப்படிப்பட்டவரிடம் பதில் இருக்கும்.

கையால் செய்யும் சோதனைகளில் மிக நம்பகமானது பூதக்கண்ணாடி. நகைத் தொழிலாளர் கண்ணில் பொருத்திப் பார்க்கும் லென்ஸ் வகையில் முப்பது மடங்கு பெரிதாக்குவது போதும். அசல் கார்டு ஆஃப்செட் முறையில் அச்சானது. படத்தின் நிறங்கள் நீலம், சிவப்பு, மஞ்சள் நுண்புள்ளிகளாகப் பிரிந்து, சிறு பூக்கள் போன்ற வட்டங்களாக அமையும். எழுத்துகளும் விளிம்புக் கோடுகளும் அவற்றின் மேல் தனிக் கறுப்பு மையால் அடித்தவை. எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். போலி பெரும்பாலும் அசலை ஸ்கேன் செய்து அடித்தது. அதில் எழுத்தும் படத்தைப் போலவே புள்ளிகளாகச் சிதறியிருக்கும், ஓரம் மங்கலாக இருக்கும். மேஜிக் கார்டின் பின்புறம் 1993 முதல் அடிப்படையில் மாறவேயில்லை. சீட்டுக்கட்டில் எந்தக் கார்டும் பின்புறத்தால் தனித்துத் தெரியக்கூடாது என்ற ஆட்ட விதியே அதற்குக் காரணம். அதனால் சேகரிப்பாளர்களுக்கு ஒரு நிலையான அடையாளம் கிடைத்திருக்கிறது. பின்புறத்தில் உள்ள பச்சை வட்டத்தை லென்ஸில் பார்த்தால் நான்கு சிவப்புப் புள்ளிகள் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து வடிவில் நிற்கும். பல போலிகளில் இந்தப் புள்ளிகள் இருக்காது, அல்லது குழம்பியிருக்கும். ஆனால் முன் சொன்ன ஒட்டுவேலைக் கார்டு இந்தச் சோதனையில் தேறிவிடும். அதன் பின்புறம் அசல் அல்லவா?

அதனால் ஒரு சோதனையோடு நிறுத்தக்கூடாது. மேஜிக் கார்டு இரண்டு தாள்களுக்கு நடுவே நீல நிற அடுக்கு வைத்து ஒட்டியது. போக்கிமான் கார்டின் நடுவில் கறுப்பு அடுக்கு உண்டு. கைபேசி விளக்கைப் பின்னால் பிடித்தால் ஒளி ஊடுருவும் விதம் இதனால் மாறும். மேஜிக் கார்டின் எடை 1.7 அல்லது 1.8 கிராம் அளவில் இருக்கும். நகை எடை காட்டும் சிறிய மின்தராசில் வேறுபாடு தெரியும். 2014 முதல் ‘ரேர்’ வகை மேஜிக் கார்டுகளின் கீழ்ப்பகுதியில் முட்டை வடிவ ஹாலோகிராம் பதிக்கப்படுகிறது. எந்தச் சோதனையானாலும் அதே ஆண்டு, அதே தொகுதியைச் சேர்ந்த சந்தேகமற்ற மலிவுக் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே முறை. தாளும் மையும் ஆண்டுக்கு ஆண்டு, அச்சகத்துக்கு அச்சகம் மாறியிருக்கின்றன. தனியாகப் பார்த்து முடிவுக்கு வருபவர் இரண்டு பக்கமும் தவறுவார். கார்டை வளைத்துப் பார்ப்பது, நீர்த்துளி விடுவது, கிழித்து உள்ளடுக்கைப் பார்ப்பது போன்ற பழைய முறைகளைக் கைவிட வேண்டும். அசலாக இருந்தால் அங்கேயே அதன் விலை போய்விடும்.

பழைய விளையாட்டு வீரர் கார்டுகளில் சில நேரம் அளவுகோலே போதும். டாப்ஸ் நிறுவனம் தனது 1952 தொகுதியை 1983-ல் மறுபதிப்பாக வெளியிட்டது. அசல் 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது; மறுபதிப்பு 2½-க்கு 3½. மறுபதிப்பு என்ற குறிப்பைச் சுரண்டிவிட்டு விற்பவர் இருக்கலாம். அளவைச் சுரண்ட முடியாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கார்டு என்று சொல்லப்படுவது புற ஊதா விளக்கில் பளீரென நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அதன் தாள் பிற்காலத்தது. தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுப் பொருட்கள் அந்தக் காலத்தில் பயன்பாட்டுக்கு வரவில்லை.

பி.எஸ்.ஏ., பெக்கெட், சி.ஜி.சி. போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் கார்டைச் சோதித்து, 10-க்கு இவ்வளவு என்று தரம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. ஆபத்தைக் குறைப்பதில் இவற்றின் பங்கு பெரியது. ஆனால் உறை என்றாலே உறுதி என்று நினைப்பதற்கில்லை. உறையையே போலியாகச் செய்கிறார்கள். அதில் உண்மையான வேறொரு கார்டின் சான்று எண்ணை அச்சிடுகிறார்கள். எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடுவதோடு நில்லாமல், அங்கே படம் இருந்தால் அச்சு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, கீறல் எங்கே இருக்கிறது என்று கையில் உள்ள கார்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

நிறுவனங்களும் தவறியிருக்கின்றன. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு கொடுத்த கார்டுகளில் ஹோனஸ் வாக்னர் கார்டு உலகப் புகழ் பெற்றது. 1991-ல் பி.எஸ்.ஏ. முதன்முதலாகத் தரம் போட்ட கார்டே ஒரு வாக்னர்தான். அதன் ஓரங்களை வெட்டிச் சீர்செய்ததாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அண்மையில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். போக்கிமான் விளையாட்டு உருவான 1990-களில் அடித்த முன்மாதிரிக் கார்டுகள் என்று சில, 2024-ல் சி.ஜி.சி. சான்றோடு சந்தைக்கு வந்தன. வண்ண லேசர் பிரின்டர்கள் பலவும் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளை இட்டு, அச்சிட்ட நாளைப் பதிவு செய்யும். சேகரிப்பாளர்கள் அந்தப் புள்ளிகளைப் படித்தபோது சில கார்டுகள் 2024-ல் அச்சானவை என்று 2025 தொடக்கத்தில் தெரியவந்தது. சான்றிதழைவிடப் பொருள் அதிகம் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இந்தத் துறையில் இல்லை.

பிரிக்காத பெட்டிகள் தனி ஆபத்து. திறந்து பார்த்தால் மதிப்புக் குறையும். திறக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. யூடியூபில் புகழ்பெற்ற லோகன் பால், முதல் பதிப்புப் போக்கிமான் பாக்கெட்டுகள் அடங்கியது என்று சொல்லப்பட்ட பெட்டியை 35 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். வெளிப்பெட்டியைச் சோதித்து நிபுணர்கள் சரி என்று சொல்லியிருந்தனர். 2022 ஜனவரியில் திறந்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ கார்டுகள். தொகுப்போடு வரும் பிரிக்காத பாக்கெட்டுகளுக்குத் தனியாகப் பெரிய விலை கொடுக்காமல் இருப்பதே சாதாரண மனிதருக்குப் பாதுகாப்பு.

இவ்வளவும் பார்த்த பிறகே விலை. சோதித்துத் தேறிய கார்டுகளுக்குப் பேசிய விலை. சோதிக்க முடியாதவற்றுக்குக் குறைந்த விலை. சந்தேகத்துக்குரியவற்றுக்கு ஒன்றுமில்லை என்று மூன்றாகப் பிரித்துக் கூட்டுவது நல்ல வழக்கம். விற்பவர் சொல்லும் மொத்த மதிப்பிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவதைவிட, நிரூபணமான கார்டுகளிலிருந்து தொடங்கி மேலே ஏறுவது பாதுகாப்பானது. நேரில் பார்க்க முடியாத இடத்தில், விலை உயர்ந்த கார்டுகளின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு ஆகியவற்றின் புதிய படங்களை அன்றைய தேதி எழுதிய தாளோடு எடுத்து அனுப்பச் சொல்லலாம். பணம் திரும்பப் பெற வழியுள்ள முறையில்தான் செலுத்த வேண்டும். பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையைக் கேட்பவரிடம் வாங்கக்கூடாது, அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. போலி என்று தெரிந்தால் இத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் வாங்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நம் ஊர் பொம்மைக் கடைகளில் சிறுவர்கள் வாங்கும், எல்லாமே தங்க நிறத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் போக்கிமான் கார்டுகள் அசல் அல்ல. விளையாட்டுப் பொருளாக அவற்றில் தவறில்லை. சேகரிப்பு என்று நினைத்து அவற்றை அதிக விலைக்கு வாங்குவதும் விற்பதும்தான் தவறு.

விலை உயர்ந்த கார்டை உறையிலிருந்து எடுத்து லென்ஸில் பார்க்க விற்பவர் மறுத்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தத் தொகுப்பை விட்டுவிட வேண்டும். வாங்கிய பிறகு போலி என்று தெரிந்த கார்டை வேறொருவரின் தொகுப்பில் தள்ளிவிடாமல், அதன் பின்புறத்தில் அழியாத மையால் ‘போலி’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது பயன்படும்.